பன்னிரண்டாம் கெஜம்

ஜன்னலோரம் எனக்கு வேண்டாம் அக்கா, நீங்களே உட்காருங்கள். நீங்கள் போனில் "சாம்பார்ப் பொடி ஃப்ரீசர்ல ரெண்டாவது தட்டுல இருக்கு, கண்ணைத் திறந்து பாருங்க" என்று சொன்னீர்களே, அதைக் கேட்டுத்தான் பின்னாலிருந்து எழுந்து வந்தேன். தப்பாக நினைக்காதீர்கள். சிகாகோ வரைக்கும் வாயை மூடிக்கொண்டு வந்தால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

என் பெயர் அங்கயற்கண்ணி. மதுரை, வில்லாபுரம். இங்கே எல்லாருக்கும் ஆங்கி. முதல் மாதம் திருத்திப் பார்த்தேன். ஒரு ஆள் என்றால் சண்டை போடலாம், ஒரு பல்கலைக்கழகமே சேர்ந்துகொண்டு ஆங்கி என்றால் என்ன செய்ய? புள்ளியியல் எம்.எஸ்., கடைசி வருடம். நீங்கள்? நியூஜெர்சியா, அண்ணன் வீட்டுக்கா? அதானே, வீட்டுக்காரர் தனியாகச் சமையலறையில் தவிக்கிறார்.

இல்லை, நான் ஊருக்குப் போகவில்லை. ஏர்போர்ட் வரைக்கும்தான். என் சிநேகிதி ஷெர்லின் இன்றைக்குப் போகிறாள், ஒரேயடியாக. படிப்பு முடிந்துவிட்டது. ரெண்டு பத்துக்கு ஃப்ளைட். அவள் சோதனை வரிசைக்குள் நுழைவதற்கு முன்னால் நான் அவளைப் பிடித்து ஒரு விஷயம் பேசியாக வேண்டும். நேற்று ராத்திரி "ஏர்போர்ட்டுக்கு வருகிறேன், பேச வேண்டியது இருக்கிறது" என்று எழுதினேன். "வா" என்று பதில் போட்டாள். ஒரே எழுத்து. ஆறு வாரம் கழித்து ஒரே எழுத்து.

ஆமாம், ஆறு வாரமாகப் பேச்சு கிடையாது. அதில் மூன்று வாரம் ஒரே வீட்டில், ஒரே சமையலறையில். அப்புறம் அவள் சிகாகோவில் இருக்கிற சித்தி மகள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

காரணமா? ஒரு மஞ்சள் துணி. சிரிக்காதீர்கள் அக்கா. ஒரு மஞ்சள் துணி எந்த இடத்தில் விழுந்தது என்பதுதான் காரணம். முதலிலிருந்து சொன்னால்தான் நியாயம் யார் பக்கம் என்று உங்களுக்குப் புரியும். நீங்களே சொல்லுங்கள், நான் கேட்டுக்கொள்கிறேன். யாராவது ஒருத்தர் கேட்டுத் தீர்ப்பு சொன்னால் போதும் எனக்கு.

இங்கே வந்த புதிதில் வளாகத்துக்குள் வேலை தேடினோம். சாப்பாட்டுக்கூடத்தில் தட்டு கழுவலாம், நூலகத்தில் புத்தகம் அடுக்கலாம், இல்லையென்றால் மாணவர்கள் தங்களுக்குள் ஆடுகிற ஆட்டங்களுக்கு ரெஃப்ரியாக நிற்கலாம். நீ ஒரு விசில் ஊதினால் பதினாலு பேர் அப்படியே நிற்பார்கள் என்றார்கள். எனக்கு வேறு என்ன வேண்டும்? உடனே பெயர் கொடுத்தேன். ஷெர்லினுக்கு விளையாட்டும் தெரியாது, விசிலும் தெரியாது. நாகர்கோவில்காரி, சத்தம் போட்டுப் பேசவே மாட்டாள். "நீ போறியா மக்கா? அப்ப நானும் வாறேன். ஒத்தையில ரூம்ல இருந்து என்னத்தச் செய்ய?" என்று பின்னாலேயே வந்தாள். அவ்வளவுதான் அவளுக்கும் அமெரிக்கன் ஃபுட்பாலுக்கும் உள்ள சம்பந்தம். நான் போனேன், அவள் வந்தாள்.

டிவியில் பார்த்திருப்பீர்கள், தலையில் கவசம் போட்டுக்கொண்டு ஒருத்தன் மேல் ஒருத்தன் விழுவார்களே, அதுதான். நாங்கள் நின்றது அதன் சாதுவான தம்பி ஆட்டத்துக்கு. யாரும் யாரையும் தள்ளக்கூடாது. ஓடுகிறவள் இடுப்பில் ரெண்டு பட்டை தொங்கும். எதிரணிக்காரி ஒரு பட்டையை உருவிவிட்டால் ஓட்டம் முடிந்தது. மற்றபடி சட்டமெல்லாம் பெரிய ஆட்டத்தின் சட்டம்தான்.

அந்தச் சட்டம் இருக்கிறதே அக்கா, அது ஒரு அழகு. இதோ, இந்தப் புத்தகம். பெட்டி கூட இல்லாமல் இதை மட்டும்தான் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். யாரோ தப்பு செய்கிறார்கள், சரி, பத்து கெஜம் பின்னால் போ என்கிறோம். கெஜம்தான் அக்கா, நீங்கள் புடவைக்கு அளப்பீர்களே அதே கெஜம். ஆனால் எங்கேயிருந்து பத்து? அதுதான் கேள்வியே. நிறையப் பேர் பத்தைப் பற்றித்தான் கத்துவார்கள். பத்து ஒரு விஷயமே இல்லை. எங்கேயிருந்து அளக்கத் தொடங்குகிறோம் என்பதில்தான் ஆட்டம் ஜெயிக்கிறது, தோற்கிறது.

இந்த பஸ்ஸையே மைதானம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிரைவர் இருக்கிற இடம் எல்லைக்கோடு. ஒருத்தி பந்தை வாங்கிக்கொண்டு கடைசி வரிசையிலிருந்து முன்னால் ஓடி வருகிறாள். அதோ சிவப்புத் தொப்பி போட்டுத் தூங்குகிறாரே, அவர் வரிசையில் அவளைப் பிடித்துவிட்டார்கள். ஓட்டம் அங்கே முடிந்தது. சரியா? இப்போது, வழியில் எதிரணிக்காரி ஒருத்தி அவள் சட்டையைப் பிடித்து இழுத்திருந்தால் எங்கேயிருந்து அளப்பது? சிவப்புத் தொப்பியிலிருந்து. ஏனென்றால் அவர்கள் அநியாயம் செய்தும்கூட இவள் அவ்வளவு தூரம் வந்திருக்கிறாள், அந்தத் தூரம் இவள் சம்பாத்தியம். அதைப் பிடுங்கக்கூடாது. ஆனால் ஓடுகிற அணியே தப்பு செய்திருந்தால், அதுவும் நம் வரிசையில், அதாவது ஓட்டம் முடிகிற இடத்துக்குப் பின்னால் செய்திருந்தால்? அப்போது மட்டும் சிவப்புத் தொப்பிக் கணக்கு கிடையாது. நம் வரிசையிலிருந்துதான் அளக்க வேண்டும். தப்பு நடந்த இடத்திலிருந்து. அதற்கு அப்பால் ஓடியதெல்லாம் தப்பால் வந்தது, அது உன்னுடையது இல்லை.

மற்ற எல்லாவற்றுக்கும் ஒரு வழி, இந்த ஒன்றுக்கு மட்டும் தனி வழி. அவ்வளவுதான் சட்டம். முதல் தடவை படித்தபோது எனக்குப் புல்லரித்தது அக்கா. நம் வீட்டில் யாராவது இப்படித் தெளிவாக நியாயம் பேசியிருக்கிறார்களா? அன்றைக்கே ஷெர்லினை எழுப்பி உட்காரவைத்துப் படித்துக் காட்டினேன். "நல்லாத்தான் இருக்கு. நீ சாப்பிட்டியா?" என்றாள்.

அவளுக்குப் பிடித்த சட்டம் வேறு. தப்புக்கு ஆளான அணியின் தலைவி விரும்பினால் பெனால்ட்டி வேண்டாம் என்று சொல்லிவிடலாம். நடந்தது நடந்ததாகவே இருக்கட்டும், மேலே ஆடலாம் என்று. சில சமயம் அதுதான் லாபமாகவும் இருக்கும். ஷெர்லின் லாபமெல்லாம் பார்க்க மாட்டாள். அவள் வாழ்க்கையே அந்த ஒரு விதிதான். அவள் அம்மா கொடுத்தனுப்பிய நார்த்தங்காய் ஊறுகாயை நான் ஒரு வாரத்தில் காலி செய்தேன். "விடு மக்கா." அவள் பரீட்சைக்கு முதல் நாள் நான் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட, அவள் ரெண்டு மணி நேரம் பனியில் நின்றாள். "விடு மக்கா." எனக்கு இது பிடிக்கவே பிடிக்காது. தப்பு என்றால் தப்பு என்று சொல்ல வேண்டாமா? சொல்லாமல் விட்டால் எதிராளிக்கு எப்படித் தெரியும்? அது ஒரு வகையில் அவமரியாதை இல்லையா?

நான் அப்படி இல்லை. நான் சொல்லிவிடுவேன். ஒரு தடவை அவள் பாத்திரம் கழுவாமல் தூங்கிவிட்டாள். காலையில் நான் பேச ஆரம்பித்தேன். பாத்திரத்தில் ஆரம்பித்து, அதற்கு முந்தின வாரம் குப்பை, அதற்கு முன்னால் வாஷிங் மெஷினில் என் வெள்ளைச் சட்டை, இப்படிப் போனது. அவள் சிரித்துவிட்டாள். "இன்னைக்குக் கழுவாத ரெண்டு தட்டுக்கு நீ ஏன் மக்கா ஆகஸ்ட் மாசத்துக்குப் போற?" என்றாள். ஏனென்றால் தப்பு அங்கேதான் ஆரம்பித்தது! எங்கே ஆரம்பித்ததோ அங்கேயிருந்துதானே அளக்க வேண்டும்? நான் சொன்னது சரியா, தப்பா? நீங்கள் சிரிக்கிறீர்கள். அவளும் இப்படித்தான் சிரித்தாள்.

ஏன் மெதுவாகப் போகிறது? ஓ, முன்னால் வண்டிகள் நிற்கின்றன. விபத்தாக இருக்கும். பரவாயில்லை, இன்னும் நேரம் இருக்கிறது. மணி பதினொன்றரைதானே?

ரெண்டாம் வருடம் நான் தலைமை ரெஃப்ரி ஆகிவிட்டேன். வெள்ளைத் தொப்பி எனக்கு. ஷெர்லின் ஓரக்கோட்டு நடுவர். இவர்கள் பரம்பரையாக ஆடுகிற ஆட்டத்துக்கு மதுரைக்காரி ஒருத்தி தீர்ப்பு சொல்கிறாள் என்று எனக்கு எவ்வளவு கர்வம் இருந்திருக்கும்! இருந்தது. மறைக்கவில்லை. ஆனால் அக்டோபரில் ஒரு நாள் ஒரு தலைவி, பொன்னிற முடி, சட்டம் படிக்கிறவள், எங்கள் மேலாளர் டெனிஸிடம் போய்ப் புகார் சொன்னாள். "அந்த ரெண்டு பேரும் தங்கள் பாஷையில் குசுகுசுவென்று பேசி முடிவு செய்கிறார்கள், எங்களுக்கு என்ன தெரியும்?" என்று. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. டெனிஸ் நல்ல மனிதர்தான். "மைதானத்தில் ஆங்கிலம் மட்டும், சரியா ஆங்கி?" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னதுதான் இன்னும் எரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஷெர்லினிடம் சொல்லிவிட்டேன், இனி மைதானத்தில் ஒரு தமிழ் வார்த்தை வரக்கூடாது என்று. அவள், "அவசரத்துல வாயில எது வருதோ அதுதானே வரும்?" என்றாள். "வரக்கூடாது" என்றேன். "சரி மக்கா" என்றாள்.

அடுத்த மாதம், நவம்பர் முதல் ஞாயிறு, இறுதி ஆட்டம். மத்தியானம் ரெண்டு மணி. நர்சிங் படிக்கிற பெண்கள் ஒரு பக்கம், சட்டம் படிக்கிறவர்கள் ஒரு பக்கம். ஆமாம், அதே பொன்னிறத் தலைவிதான். அன்றைக்கு டெனிஸும் வந்திருந்தார். பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்துகிற பெரிய போட்டிக்கு எங்கள் ஊரிலிருந்து ரெண்டு நடுவர்களை அனுப்புவார்கள். நானும் ஷெர்லினும்தான் போவோம் என்று எல்லாருக்கும் தெரியும். ஒரே அறை கிடைக்குமா என்று ஷெர்லின் முன்பே கேட்டு வைத்திருந்தாள். போட்டியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, அறையைப் பற்றி மட்டும் கேட்டாள்.

காற்று என்றால் அப்படி ஒரு காற்று. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள் அக்கா, காற்று முக்கியம்.

கடைசி அரை நிமிஷம். நர்சிங் அணி நாலு புள்ளி பின்தங்கி இருக்கிறது. ஒரு டச்டவுன், அதாவது பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டினால் ஆறு புள்ளி, அதைப் போட்டால் ஜெயித்துவிடுவார்கள். அவர்களுடைய ஏழாம் நம்பர் பந்தைப் பிடித்து ஓடுகிறாள். ஒல்லியான பெண், என்ன ஓட்டம்! எல்லையைத் தொட்டுவிட்டாள். கூட்டம் கத்துகிறது. திரும்பிப் பார்த்தால் ஷெர்லினுடைய மஞ்சள் துணி தரையில் கிடக்கிறது. நாங்கள் தப்பைப் பார்த்தால் எறிகிற துணி அது. என்ன தப்பென்றால், பட்டையை உருவ வந்த கையை ஏழாம் நம்பர் தட்டிவிட்டிருக்கிறாள். அது செய்யக்கூடாது. ஓடுகிற அணியின் தப்பு, ஓட்டம் முடிந்த இடத்துக்குப் பின்னால். இப்போது நீங்களே சொல்லுங்கள், எங்கேயிருந்து அளக்க வேண்டும்?

பாருங்கள், உங்களுக்கே வந்துவிட்டது! தப்பு நடந்த இடத்திலிருந்து. டச்டவுன் செல்லாது, அங்கேயிருந்து பத்து கெஜம் பின்னால்.

துணி கிடந்தது எல்லைக்கோட்டுக்கு இருபத்தைந்து கெஜத்தில். நான் அங்கே போய் நின்றேன். ஷெர்லின் ஓடி வந்தாள். மூச்சு வாங்குகிறது. வந்து, "பன்னெண்டு மக்கா, பன்னெண்டு. துணி காத்துல போயிட்டு" என்கிறாள். அதாவது தப்பு நடந்தது பன்னிரண்டாம் கெஜத்தில், ஓடிக்கொண்டே எறிந்ததால் துணி பின்னால் பறந்துவிட்டது என்று. அந்தப் பொன்னிறத் தலைவி எனக்குப் பின்னால் நின்றுகொண்டு, "ஆங்கிலத்தில் பேசு!" என்று கத்துகிறாள். காற்று வேறு. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நான் ஆங்கிலத்தில் சத்தமாக, "துணி இங்கே கிடக்கிறது, இங்கேயிருந்துதான்" என்று சொல்லி அளந்துவிட்டேன். இருபத்தைந்தும் பத்தும் முப்பத்தைந்து.

பதினோரு விநாடி பாக்கி. ஒரே ஒரு ஓட்டத்துக்குத்தான் நேரம். மறுபடி ஏழாம் நம்பர்தான் ஓடினாள். எல்லைக்கு ஆறு கெஜத்தில் பட்டையை உருவிவிட்டார்கள். முடிந்தது. சட்டக்கல்லூரி ஜெயித்தது. அந்தப் பெண் அந்த ஆறாம் கெஜத்திலேயே உட்கார்ந்து, எழுந்திருக்கவே இல்லை.

கணக்குப் போடுகிறீர்கள், தெரிகிறது. எல்லாரும் போட்டார்கள். பன்னிரண்டிலிருந்து அளந்திருந்தால் இருபத்திரண்டிலிருந்து ஓடியிருப்பாள், அவள் ஓடியது இருபத்தொன்பது கெஜம், அதனால் ஜெயித்திருப்பாள். இது தர்க்கமே இல்லை அக்கா! இருபத்திரண்டிலிருந்து ஆரம்பித்திருந்தால் எதிரணி வேறு மாதிரி நின்றிருக்கும். நான் புள்ளியியல் படிக்கிறேன், இதில் என்னிடம் யாரும் வாதாட முடியாது. யாரும் வாதாடவும் இல்லை. அதுதான் பிரச்சினை.

பார்வையாளர் ஒருவர் போனில் எடுத்த வீடியோ திங்கட்கிழமை டெனிஸிடம் வந்துவிட்டது. பன்னிரண்டாம் கோட்டுக்குப் பக்கத்தில் ஏழாம் நம்பர் கையைத் தட்டுவது தெரிகிறது. செவ்வாய்க்கிழமை எங்கள் ரெண்டு பேரிடமும் எழுத்து மூலம் அறிக்கை கேட்டார்கள். ஒரு படிவம். துணி யாருடையது? எங்கே கிடந்தது? எங்கேயிருந்து அளக்கப்பட்டது? மூன்றே கேள்வி. நான் எழுதினேன். துணி ஷெர்லினுடையது. இருபத்தைந்தில் கிடந்தது. துணி கிடந்த இடத்திலிருந்து அளந்தேன். இதில் எந்த வார்த்தை பொய்? காட்டுங்கள். அவள் என்னிடம் வந்து ஏதோ சொன்னாள் என்பதற்குப் படிவத்தில் இடமே இல்லை. கேட்காத கேள்விக்கு எதற்குப் பதில் எழுத வேண்டும்?

அவள் என்ன எழுதினாள் தெரியுமா? மேஜையில் எனக்கு எதிரே உட்கார்ந்துதான் எழுதினாள். நான் எட்டிப் பார்த்தேன். மூன்று கேள்விக்கும் சேர்த்து ஒரே வரி. "துணி என்னுடையது." கீழே கையெழுத்து.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? வெளியே வந்ததும் கேட்டேன். "ஏண்டி, பன்னெண்டுன்னு நீ சொன்னதா எழுத வேண்டியதுதானே? நான் காதுல வாங்கலன்னு எழுதேன்! என்னோட சண்டைபோடு!" என்றேன். அவள் ஜாக்கெட் ஜிப்பை மேலே இழுத்துக்கொண்டு, "குளிருது, வா போவோம்" என்றாள். விடு மக்கா என்று கூடச் சொல்லவில்லை. அதைச் சொல்லியிருந்தாலாவது விட்டுவிட்டாள் என்று எனக்குத் தெரிந்திருக்கும்.

அவள் பெயரை எடுத்துவிட்டார்கள். துணியைச் சரியாக எறியத் தெரியாதவளை வெளியூர்ப் போட்டிக்கு எப்படி அனுப்புவது என்று. நான் போனேன். ஏன் போகக்கூடாது? நான் போகாமல் இருந்தால் அவளுக்குத் திரும்பக் கிடைத்துவிடுமா? ரெண்டு நாள், நாலு ஆட்டம், நன்றாகச் செய்தேன் என்று கைகுலுக்கினார்கள். அறையில் ரெண்டு கட்டில். ஒன்றில் நான் படுத்தேன், இன்னொன்றில் என் பையை வைத்தேன்.

திரும்பி வந்தால் வீட்டில் அவள் எனக்கும் சேர்த்துத்தான் சமைத்து வைத்திருந்தாள். நான்தான் ஆரம்பித்தேன். நான் ஆகஸ்ட் வரைக்கும் போனேன். இந்த வருட ஆகஸ்ட், நாங்கள் வந்து இறங்கிய போன வருட ஆகஸ்ட் வரைக்கும் போனேன். கரண்டியைக் கழுவி மாட்டிவிட்டு அவள் அறைக்குள் போய்விட்டாள். கதவைச் சாத்தக்கூட இல்லை. சாத்தியிருந்தால் தட்டியிருப்பேன். பத்து நாளில் பெட்டியோடு கிளம்பிவிட்டாள். மளிகை ரேக்கில் அவள் பக்கத்துச் சாமான் எல்லாம் அப்படியே இருக்கிறது, புட்டு மாவு, சம்பா அரிசி, எல்லாம். "நீ எடுத்துக்கோ" என்று ஒரு சீட்டு. நான் எதையும் தொடவில்லை. எனக்குப் புட்டு செய்யத் தெரியாது.

நாம் இன்னும் அதே இடத்தில்தான் நிற்கிறோமா? மணி என்ன? பன்னிரண்டே முக்காலா! இல்லை, இருக்காது. ஐயோ. பன்னிரண்டேகாலுக்குப் போய்ச் சேர வேண்டிய பஸ் அக்கா இது. "லேட் ஆகுது" என்று அவளுக்கு எழுதியிருந்தேன், "சரி, வெளியதான் நிக்கேன்" என்று போட்டிருக்கிறாள். ஒன்றரை வரைக்கும் நிற்பாளா? நிற்பாள். அவள் நிற்கிற ஆள்தான்.

போன் செய்யலாம்தான். எனக்கும் தெரியும். ஆனால் போனில் எப்படி இந்தப் பக்கத்தைக் காட்டுவது? இதோ பாருங்கள், நாற்பத்தொன்றாம் பக்கம். "தப்பைப் பார்த்த நடுவர் அது நடந்த இடத்தைத் தலைமை நடுவரிடம் தெளிவாகத் தெரிவிக்க வேண்டும்." தெளிவாக என்பதற்குக் கீழே கோடு போட்டிருக்கிறேன். காலையில் முதல் பஸ்ஸை விட்டதே இந்த வரியைத் தேடித்தான். அவள் தெளிவாகச் சொல்லவில்லை. அந்த ஒன்றை மட்டும் அவள் ஒப்புக்கொள்ளட்டும். "ஆமா மக்கா, நான் சத்தமா சொல்லல" என்று சொல்லட்டும். அப்புறம் நானும் சொல்கிறேன், நானும் இன்னொரு தடவை கேட்டிருக்கலாம் என்று. ஆளுக்குப் பாதி. நியாயம்தானே? அப்புறம் அவள் நிம்மதியாக ஃப்ளைட் ஏறட்டும், நான் வீட்டுக்குப் போய்த் தூங்குகிறேன். நான் சரியாகத் தூங்கி ஆறு வாரம் ஆகிறது.

கிளம்பிவிட்டது, கிளம்பிவிட்டது. நல்லவேளை.

எத்தனை விளக்கு, எத்தனை பாலம். எல்லாப் பலகையிலும் ஏர்போர்ட் என்றுதான் போட்டிருக்கிறது, வந்து சேரத்தான் மாட்டேன் என்கிறது.

என்ன கேட்டீர்கள்?

இல்லை, திரும்பக் கேளுங்கள். இரைச்சலில் கேட்கவில்லை.

அவள் சொன்னது என் காதில் விழவில்லை என்றால், "பன்னெண்டு மக்கா, துணி காத்துல போயிட்டு" என்பதை எப்படி அப்படியே சொன்னேன் என்றா?

அது... அப்புறம் தெரிந்ததுதான். வீடியோவில். இல்லை, வீடியோவில் சத்தம் கிடையாது. காற்றுச் சத்தம் மட்டும்தான். அவள்தான் பிறகு... இல்லை. அவள் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒரு நிமிஷம் அக்கா.

கேட்டது.

நன்றாகவே கேட்டது. ஒரு முழத் தூரத்தில் நின்று சொன்னாள். முதல் தடவையே கேட்டது. ரெண்டாம் தடவை சொன்னபோது என் கையைப் பிடித்திருந்தாள். பின்னால் அந்தப் பெண் கத்துகிறாள், கயிற்றுக்கு அந்தப் பக்கம் டெனிஸ் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார், எல்லாரும் எங்கள் வாயையே பார்க்கிறார்கள். நான் தலையை ஆட்டிப் பன்னிரண்டுக்கு நடந்தால், தமிழில் பேசி மாற்றிவிட்டார்கள் என்பார்கள். அதனால் தமிழே தெரியாதவள் மாதிரி நின்றேன் அக்கா. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே, அந்த பாஷையே எனக்குத் தெரியாது என்கிற மாதிரி நின்றேன். கையை உதறிவிட்டு ஆங்கிலத்தில் சத்தம் போட்டேன்.

எனக்குக் கேட்டது என்று அவளுக்குத் தெரியும். அப்போதே தெரியும். செவ்வாய்க்கிழமை மேஜையில் தெரியும். கரண்டி கழுவும்போது தெரியும். துணி என்னுடையது என்று எழுதிவிட்டு, நான் சொல்வதற்காகத்தான் அந்த மூன்று வாரமும் கதவைச் சாத்தாமல் இருந்திருக்கிறாள். நான் ஆகஸ்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

ஏன் போன் எடுக்க மாட்டேன் என்கிறாள்? நேராக வாய்ஸ் மெயிலுக்குப் போகிறது.

எழுதுகிறேன். "நீ பன்னெண்டுன்னு சொன்னது எனக்குக் கேட்டுச்சு ஷெர்லின்." வேறு ஒன்றும் சேர்க்கவில்லை. காரணம் ஒன்றும் எழுதவில்லை. போதும், இல்லையா? அனுப்பிவிட்டேன்.

ஒரு டிக்.

மணி ரெண்டு ஐந்து. போனை அணைத்திருப்பாள். சீட்டில் உட்கார்ந்து பெல்ட் போட்டிருப்பாள். தோகாவில் இறங்கிப் போனைப் போட்டதும் போய்ச் சேர்ந்துவிடும், பதின்மூன்று மணி நேரம்தான். இல்லாவிட்டால்... இல்லை, அவள் அப்படியெல்லாம் என் நம்பரை பிளாக் பண்ணி வைக்கிற ஆள் இல்லை. அதெல்லாம் அவளுக்குத் தெரியாது. ரெண்டாவது டிக் வரும்.

வரும்தானே அக்கா?

இறங்குங்கள், உங்கள் டெர்மினல் வாசல் வந்துவிட்டது. அந்தப் பெரிய பெட்டியை விடுங்கள், நான் தூக்கிக்கொண்டு வருகிறேன். உள்ளே வரைக்கும் வருகிறேன். எனக்கு இப்போது ஒரு அவசரமும் இல்லை.